கை கால் நல்லாத்தானே இருக்கு

என் கணவர் பட்டாளத்துக்காரர் என்று தெரிந்தால் இப்போதெல்லாம் சிலர் எழுந்து இடம் கொடுக்கிறார்கள். வேலூர் பஸ்ஸில் ஒரு கல்லூரிப் பையன் அவருக்கு சல்யூட் கூட வைத்தான். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அந்தப் பையன் மீது எனக்குக் கோபம் இல்லை, அவனுக்கு ஒன்றும் தெரியாது. தெரிந்தே மறந்துபோனவர்கள் இந்த மாவட்டம் முழுக்க இருக்கிறார்கள். அவர்கள் மீது எனக்கு இருக்கும் கோபம் இத்தனை வருடத்தில் ஒரு சொட்டும் வற்றவில்லை.

தொண்ணூறில் அவர் இலங்கைத் தீவிலிருந்து திரும்பியபோது யாரும் எழுந்து நிற்கவில்லை. காட்பாடியில் ரயிலை விட்டு இறங்கி, வேலூர் வந்து, சீருடையோடு ஆம்பூர் பஸ் ஏறியிருக்கிறார். பின் சீட்டில் இருந்த ஒருவன் எல்லோருக்கும் கேட்கும்படி, "இன்னா சார், நம்ம ஆளுங்களையே சுட்டுட்டு வர்றீங்களா?" என்று கேட்டிருக்கிறான். கண்டக்டர் சிரித்தாராம். இவர் மாதனூரில் இறங்கி, இரும்புப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு ஆம்பூர் வரை நடந்தே வந்தார். கதவைத் திறந்தபோது எனக்கு ஆளே அடையாளம் தெரியவில்லை. இடுப்பில் இருந்த எங்கள் பெண் குழந்தை அவரைப் பார்த்து வீறிட்டு அழுதாள். அவர் குழந்தையைத் தூக்கவில்லை. வாசலில் நின்றபடியே, "இந்தத் தெருவுல புதுசா பள்ளம் தோண்டினாங்களா?" என்று கேட்டார். எங்களிடம் அவர் கேட்ட முதல் கேள்வி அதுதான்.

அதற்குப் பிறகும் சில வருடங்கள் வடக்கே எங்கெங்கோ இருந்துவிட்டு பென்ஷனில் வந்தார். நான் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் மேல்பாகம் தைக்கும் பிரிவில் இருந்தேன். அதே கம்பெனியில் அவருக்கு கேட்டில் செக்யூரிட்டி வேலை கிடைத்தது. என் அம்மா நிம்மதியாகப் பெருமூச்சு விட்டாள். காலையில் ஒன்றாகப் போய் மாலையில் ஒன்றாகத் திரும்பலாம், இனி என்ன கவலை என்றாள்.

அவர் குடிக்கவில்லை. குடித்திருந்தால் ஊருக்குப் புரிந்திருக்கும். குடிகாரப் பட்டாளத்துக்காரனை எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும், அவனுக்கு ஒரு இடம் உண்டு, அவனைப் பற்றிச் சொல்லிச் சிரிக்கக் கதைகள் உண்டு. என் கணவர் ரோட்டைப் பார்த்தார். அவ்வளவுதான் அவர் செய்தது.

மகளைப் பள்ளிக்கூடத்துக்கு அவர்தான் கூட்டிப்போவார். கூட்டிப்போவது என்றால் கையைப் பிடித்துக்கொண்டு அல்ல. அவர் முன்னால் நடப்பார், கையில் ஒரு மெல்லிய மூங்கில் குச்சி. மண் கலைந்திருந்தால் நிற்பார், குனிந்து பார்ப்பார், குச்சியால் மெதுவாகத் தொடுவார். பிறகு, "நான் வெச்ச எடத்துல கால வை பாப்பா" என்பார். சின்னவளாக இருந்தவரை அவளுக்கு அது விளையாட்டு. அப்பாவின் செருப்புத் தடத்தில் தன் இரண்டு காலையும் சேர்த்து வைத்துக் குதித்துக் குதித்துப் போவாள். மூன்றாம் வகுப்பு வந்ததும் பையன்கள் அவர் நடப்பதைப் போல நடந்து காட்ட ஆரம்பித்தார்கள். ஒருநாள் பள்ளிக்கூட வாசலில் எல்லோர் முன்னாலும், "நீ வராதப்பா, எனக்கு மானம் போவுது" என்று கத்திவிட்டு அவள் ஓடினாள். குச்சி தொடாத மண்ணில் ஓடினாள். அவர் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். அவள் வகுப்புக்குள் போய்ச் சேர்ந்ததை ஒரு டீச்சர் வந்து சொல்லும்வரை எழுந்திருக்கவில்லையாம்.

அவருடைய அண்ணனிடம் போய்ச் சொன்னேன். அவர் எழுபத்தொன்று பாகிஸ்தான் சண்டையைப் பார்த்தவர். வேலூருக்குத் தெற்கே அவர்கள் ஊரில் வீட்டுக்கொருவர் பட்டாளத்தில் இருந்தார்கள். அந்த ஊர்ப் பட்டாளத்துக்காரர்களுக்கெல்லாம் இவர்தான் தலைவர் மாதிரி. முறுக்கிய மீசை, கஞ்சி போட்ட சட்டை. நான் சொன்னதை முழுக்கக் கேட்காமலே சிரித்தார்.

"நானும்தாம்மா சண்டைக்குப் போனேன். எனக்கு இன்னா ஆச்சு? என் தம்பி சின்ன வயசுலயே கொஞ்சம் பயந்தாங்கொள்ளி. ராத்திரிக்கு ரெண்டு பெக் குடு, எல்லாம் சரியாயிடும்."

"அவரு குடிக்க மாட்டாரு மாமா."

"அப்ப மிலிட்டரி கேன்டீன்ல அவன் கோட்டா ரம்மை எனக்கு வாங்கியாந்து குடு" என்றார்.

அவர் மனைவி, என் ஓர்ப்படி, முந்தானையைத் தோள் வரை இழுத்துப் போர்த்திக்கொண்டு அடுப்படி வாசலில் நின்றிருந்தார்.

எங்கள் சபைப் போதகரிடமும் என் கணவரைக் கூட்டிப்போனேன். போதகர் இவர் தலையில் கை வைத்து ஜெபித்தார். பயத்தின் ஆவி பிடித்திருக்கிறது, விசுவாசம் இருந்தால் விலகும் என்றார். என் கணவர் முழங்காலில் இருந்தார், கண்ணை மூடவில்லை, பாயின் ஓரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆவி விலகாமல் போனதற்கு எங்கள் விசுவாசம் கம்மி என்பது காரணமாகிவிட்டது. எல்லோருக்கும் அவரைக் குறை சொல்ல ஒரு வழி இருந்தது.

பிறகு கம்பெனியில் அது நடந்தது. மாலை ஷிப்ட் முடிந்து பெண்கள் எல்லாம் கேட்டுக்கு வந்துகொண்டிருந்தோம். வெளியே ஊர்களுக்குப் போகும் கம்பெனி பஸ்கள் வரிசையாக நின்றன. தோல் ஏற்றி வந்த லாரி ஒன்றின் டயர் கேட்டுக்கு நேராக வெடித்தது. நாங்கள் ஐயோ என்று கத்திவிட்டு, டயர்தான் என்று தெரிந்ததும் சிரித்தோம். அவர் கேட்டை இழுத்துச் சாத்திப் பூட்டினார். இரண்டு கையையும் விரித்துக்கொண்டு எங்களைப் பார்த்து நின்றார்.

"யாரும் வெளிய வராதீங்க. ரோட்டை நான் பாத்துட்டு வர்றேன்."

"இன்னா செக்யூரிட்டி அண்ணா, டயருதானே! தொறங்க, பஸ்ஸு பூடும்" என்று ஒருத்தி சொன்னாள்.

"வராதீங்கன்னு சொல்றேன்ல!"

அவர் குரல் அப்படி உடைந்து நான் கேட்டதில்லை. பக்கத்துச் சின்னக் கதவு வழியாக வெளியே போனார். எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, கேட்டிலிருந்து முதல் பஸ் வரை இருந்த தூரத்தை முழங்காலில் தவழ்ந்து, கையால் மண்ணைத் தடவித் தடவிப் போனார். காக்கிச் சட்டையின் முதுகு வேர்வையில் கறுத்துவிட்டது. முதலில் ஒரு சிரிப்பு கேட்டது. அப்புறம் பத்து சிரிப்பு. என் பக்கத்து மெஷின்காரி என் முகத்தைப் பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். நான் கம்பிகளைப் பிடித்துக்கொண்டு, "ஏங்க, போதுங்க, வாங்க" என்று கத்தினேன். அவர் திரும்பவே இல்லை.

மேனேஜர் வந்து, வேறு சாவி கொண்டுவரச் சொல்லி கேட்டைத் திறந்தார். என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "உங்க ஹஸ்பெண்டுங்கறதாலதான் இவ்ளோ பொறுமையா இருக்கேன். இந்த மாதிரி ஆள வீட்டுல வெச்சுக்கணும்மா" என்றார். வேலையை விட்டு எடுக்கவில்லை. கழிவுத் தொட்டிக்குப் பக்கத்தில், யாரும் வராத பின் கேட்டுக்கு மாற்றினார்கள். பெரிய மனசு என்று எல்லோரும் சொன்னார்கள். நாட்டுக்காகப் போய்விட்டு வந்தவருக்குச் சாக்கடை நாற்றத்தில் ஒரு ஸ்டூல்.

ஓய்வுபெற்ற பட்டாளத்துக்காரர்களைப் பார்க்கும் ஒரு டாக்டர் வேலூரில் இருந்தார். அவரும் பட்டாளத்தில் இருந்தவர், அவருக்காவது புரியும் என்று நம்பிக் கூட்டிப்போனேன். இவரை நிற்க வைத்து, உட்கார வைத்து, முழங்காலில் தட்டிப் பார்த்தார். கண்ணில் டார்ச் அடித்தார். நான் ரோட்டைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்ததும் கையை உயர்த்தி நிறுத்தினார்.

"கை கால் நல்லாத்தானே இருக்கு? வெளிய பாத்தீங்கல்ல, கால் போனவங்கள்லாம் உக்காந்திருக்காங்க. அவங்களுக்கே நான் ஒண்ணும் பண்ண முடியல."

என் கணவர் எழுந்து விறைப்பாக நின்று, "யெஸ் சார்" என்றார். ஆமாம் சார், என் கால் இருக்கிறது, மன்னித்துக்கொள்ளுங்கள் சார் என்கிற மாதிரி.

எங்கள் தெருவில் இருந்த ஒரு நர்ஸ்தான் கடைசியில் பெரிய ஆஸ்பத்திரியில் இருந்த மனநல டாக்டரிடம் அனுப்பினாள். அந்த டாக்டர் ஒரு வயதான அம்மா. முதல் இரண்டு தடவை இவர் வாயே திறக்கவில்லை. மூன்றாவது தடவை டாக்டர் என்னையும் உள்ளே உட்காரச் சொன்னார். "அங்க உங்களுக்கு இன்னா வேலை?" என்று சாதாரணமாக, ஏதோ கம்பெனியைப் பற்றிக் கேட்பதுபோல் கேட்டார்.

இவர் சொன்னார். இவர் இருந்த முகாமில் தமிழ் தெரிந்தவர் இவர் ஒருவர்தான். அதனால் ரோட்டில் மறித்து நிறுத்தும் இடத்தில் இவரை நிற்க வைத்தார்கள். வருகிற சனங்கள் இவரிடம் பேசுவார்கள். வேறு யாரிடமும் பேச மாட்டார்கள். ஒருநாள் ஒரு அம்மா சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தாள். பின்னால் தையல் மெஷின் கட்டியிருந்தது. கூட இரண்டு பிள்ளைகள். பாதை இரண்டாகப் பிரிகிற இடம் அது. "தம்பி, இந்தப் பாதையால போகலாமோ?" என்று இவரைக் கேட்டாள்.

"அந்தப் பாதைய அன்னிக்குக் காலைலதான் பாத்து முடிச்சிருந்தாங்க மேடம். ஒண்ணும் இல்லன்னு என்கிட்ட சொன்னாங்க. நான், 'போங்கம்மா, பயப்படாதீங்க, ஒண்ணும் ஆவாது'ன்னு சொன்னேன்."

டாக்டர் காத்திருந்தார்.

"தமிழ்ல சொன்னதால நம்புனாங்க. இந்திக்காரன் சொல்லியிருந்தா நம்பியிருக்க மாட்டாங்க."

"வெடிச்சுதா?"

"வெடிச்சுது. யாரு பொதைச்சாங்கன்னு தெரியாது. நாந்தான் முதல்ல ஓடிப் பாத்தேன்."

"அப்புறம்?"

"அப்புறம் இன்னா மேடம். டீ வந்துச்சு, குடிச்சோம். திரும்பவும் அதே எடத்துல நின்னேன். அடுத்து வந்தவங்களும் என்னைத்தான் வழி கேட்டாங்க."

இதைச் சொல்லும்போது அவர் அழவில்லை. நான்தான் அழுதேன். அழுகைகூட இல்லை அது, பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன், தாடை வலித்தது. அத்தனை வருடமாக அவர் யாரிடமும் "போ" என்று சொன்னதே இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. மகளிடம் சொன்னதில்லை, என்னிடம் சொன்னதில்லை. கடைக்குப் போய்விட்டு வா என்றுகூடச் சொல்ல மாட்டார், தானே போவார். இப்படிப்பட்ட மனிதரைக் கேட்டில் நிறுத்தி, தினமும் இத்தனை பெண்களை ரோட்டுக்கு அனுப்பச் சொல்லியிருக்கிறோம். பயந்தாங்கொள்ளி என்றார் அண்ணன். விசுவாசம் கம்மி என்றார் போதகர்.

மாத்திரை ஆரம்பித்தது. தூக்கம் கொஞ்சம் வந்தது. குச்சியை வீட்டில் வைத்துவிட்டுப் போகும் நாட்கள் வந்தன. அப்படி இருக்கும்போதுதான் கார்கில் சண்டை வந்தது.

ஒரே மாதத்தில் ஊர் மாறிப்போனது. டீக்கடைகளில் கொடி, ஆட்டோவில் கொடி. கம்பெனியில் மெஷினை நிறுத்திவிட்டு எங்களை மௌனமாக நிற்க வைத்தார்கள். அதே மேனேஜர் பின் கேட்டுக்குப் போய் என் கணவரோடு கை குலுக்கினார். அவர் அண்ணன் ஊர்ப் பள்ளிக்கூட மைதானத்தில் பெரிய கூட்டம் ஏற்பாடு செய்தார். வேலூரில் ஆள் எடுக்கப் போகிறார்கள், அதற்குமுன் பையன்களுக்கு ஊக்கம் கொடுக்க வேண்டும் என்றார். வீட்டுக்கே வந்து தம்பியைக் கூப்பிட்டார்.

"ரெண்டே வார்த்தை பேசு, போதும். பட்டாளத்துக்குப் போங்கடான்னு நீ சொன்னா பசங்க கேப்பாங்க."

"அவரால முடியாது மாமா. டாக்டர் சொல்லியிருக்காங்க" என்றேன்.

"பைத்தியக்கார டாக்டரா?" என்றார். என் கணவர் தலையைக் குனிந்துகொண்டு, "வர்றேண்ணே" என்றார். அண்ணன் சொல்லை மீறியே பழக்கமில்லை அவருக்கு.

மேடையில் அவருக்குச் சால்வை போட்டார்கள். எதிரே மண்ணில் வரிசையாகப் பையன்கள், மீசை முளைக்காத முகங்கள். மைக்கைக் கையில் கொடுத்தார்கள். "தம்பிங்களா" என்றார். அவ்வளவுதான். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. ஸ்பீக்கர் மட்டும் கரகரவென்று இரைந்தது. பையன்களின் காலடி மண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணன் எழுந்து வந்து மைக்கை வாங்கி, "என் தம்பிக்கு நாட்டுப்பற்று பொங்கி வந்து பேச்சே வரல!" என்றார். மைதானமே கை தட்டியது. ஒன்பது வருடத்துக்கு முன் இவர் ஊருக்கு வந்தபோது, நம்ம இனத்துக்கே துரோகம் பண்ணிவிட்டு வந்தவன் என்று டீக்கடையில் எழுந்து போனவர்கள் முன்வரிசையில் உட்கார்ந்து கை தட்டினார்கள்.

நான் மேடை ஏறினேன். எப்படி ஏறினேன் என்று தெரியாது, செருப்புக்கூடக் கழன்றுவிட்டது. மைக்கைப் பிடுங்கினேன்.

"பற்றும் இல்ல, ஒண்ணும் இல்ல. என் ஊட்டுக்காரருக்குப் பயம். ஒன்பது வருஷமா பயம். இந்தப் பசங்கள அனுப்பறதுக்கு முன்னாடி இதையும் சொல்லுங்க. இங்க உக்காந்திருக்கிற பெரியவங்கள்ல, சண்டைக்குப் போயிட்டு வந்து எனக்கு ஒண்ணும் ஆவலன்னு சொல்றவங்க கைய தூக்குங்க, பாக்கலாம்."

மைக்கை அணைத்துவிட்டார்கள். ஆனால் கடைசி வாக்கியம் வரை கேட்டுவிட்டது. அண்ணன் உடனே கையைத் தூக்கினார். அவர் ஒருவர்தான். மற்றவர்கள் துண்டைச் சரிசெய்தார்கள், கடிகாரத்தைப் பார்த்தார்கள். "பொம்பளைய எறக்குங்கடா!" என்று அவர் கத்தினார். நானே இறங்கினேன்.

என் கணவர் எனக்கு நன்றி சொல்வார் என்று நினைத்தேன். பஸ்ஸில் திரும்பும்போது சால்வையை மடித்து மடியில் வைத்துக்கொண்டு, "ஊர் முன்னாடி என்னைத் துணி உரிஞ்சு நிக்க வெச்சுட்ட" என்றார்.

"உரிஞ்சது நானா?" என்றேன்.

அதோடு அவர் பல நாள் என்னோடு பேசவில்லை. அதற்காகவும் எனக்குக் கோபம் இருந்தது, அவர்மீதே. இவ்வளவு செய்த பட்டாளத்தின்மீது அவருக்கு ஒரு முணுமுணுப்பு இல்லை, பெட்டியில் இருந்த பதக்கத்தைத் துணி வைத்துத் துடைத்தார். என்னோடு மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மாத்திரையை நான் தட்டில் வைத்தால் எடுத்துக்கொள்வார், அவ்வளவு. பேச்சு தானாகத்தான் திரும்பி வந்தது, சின்னச் சின்னதாக, உப்பு ஜாஸ்தி, மழை வரும்போல இருக்கு என்று.

அவர் ஊர்க்காரர்கள் எங்களோடு போக்குவரத்தை நிறுத்திக்கொண்டார்கள். ஆனால் அந்த ஊர்ப் பெண்கள் வர ஆரம்பித்தார்கள். ஆம்பூர் சந்தைக்கு வந்த சாக்கில், பிரியாணி வாங்க வந்த சாக்கில் கதவைத் தட்டுவார்கள். தண்ணீர் குடித்துவிட்டு, அதையும் இதையும் பேசிவிட்டு, எழுந்து போகும்போது, "அந்த டாக்டரம்மா எந்த பில்டிங்ல பாக்குறாங்க?" என்று கேட்பார்கள். காஷ்மீரில் இருந்து லீவில் வந்த மகன் கட்டிலுக்கு அடியில் படுக்கிறான் என்றாள் ஒருத்தி. இன்னொருத்தியின் கணவர் கதவை மூடினாலே அடிக்க வருவார். லீவு போட்டுவிட்டு நான் அவர்களோடு போனேன்.

சில வருடம் கழித்து அண்ணன் இறந்துபோனார். ஈரல் கெட்டுவிட்டது. நாங்கள் போனோம். சங்கத்தார் மலர்வளையம் வைத்து, அஞ்சா நெஞ்சன் என்று பேசினார்கள். என் கணவர் ஓரமாக நின்று அழுதார். உள்ளே ஓர்ப்படி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கண்ணில் ஈரம் இல்லை. நான் பக்கத்தில் உட்கார்ந்ததும் முந்தானையை விலக்கி முழங்கையைக் காட்டினார். எலும்பு கோணலாகச் சேர்ந்திருந்தது. தோள்பட்டையில் பழைய சூட்டுத் தழும்புகள், பீடியால் வைத்தவை.

"கல்யாணம் ஆன புதுசுலேருந்து. தூக்கத்துல எழுந்து நான் யாருன்னே தெரியாம அடிப்பாரு. காலைல அழுவாரு, சாயங்காலம் குடிப்பாரு" என்றார். பிறகு மெதுவாக, "அன்னிக்கு மேடையில கைய தூக்குனாரு பாத்தியா. ஊட்டுக்கு வந்து அந்தக் கையாலதான் இத ஒடச்சாரு" என்றார்.

வெளியே பேச்சு நடந்துகொண்டிருந்தது. எனக்கு எழுந்து போய் அந்த மலர்வளையத்தைப் பிய்த்துப்போட வேண்டும் போல இருந்தது. செய்யவில்லை. செத்துக் கிடப்பவரும் இருபது வயதில் எதையோ பார்த்துவிட்டு வந்தவர்தானே என்ற நினைப்பு குறுக்கே வந்தது. அந்த நினைப்பின் மீதும் எனக்குக் கோபம் வந்தது. ஒரு மனிதரையாவது முழுசாக வெறுக்க விடுகிறதா இது?

காரியம் முடிந்த பிறகு ஓர்ப்படியால் தூங்க முடியவில்லை. யாராவது தலைவாரக் கையை உயர்த்தினால்கூட முகத்தை மூடிக்கொள்வார். நான் அவரை ஆம்பூருக்குக் கூட்டிவந்து வீட்டில் வைத்துக்கொண்டேன். பிறகு அதே டாக்டரம்மாவிடம் அழைத்துப்போனேன். டாக்டர் நிதானமாக எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, என் கணவருக்கு எழுதிய அதே மாத்திரையின் பெயரைச் சீட்டில் எழுதினார். இவருக்கும் அதே வியாதிதான் என்றார்.

ஓர்ப்படி சீட்டைக் கையில் வாங்கவில்லை.

"நான் எந்தச் சண்டைக்கும் போவலியே மேடம்?" என்றார்.

டாக்டர் சீட்டை என் பக்கம் நகர்த்தினார். நான் சீட்டை எடுத்துக்கொண்டு வெளியே வந்து மருந்து வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் கைப்பிள்ளையைத் தோளில் போட்டபடி ஒரு பெண் நின்றிருந்தாள். ஏன்க்கா இப்படி நடுங்குது உங்களுக்கு, ஜுரமா என்று கேட்டாள். இல்லம்மா, கோபம் என்றேன். அவள் சிரித்துவிட்டு முன்னால் நகர்ந்தாள்.